இரண்டு மரக் கைகளோடு சிங்கப்பூருக்கு

குருத்து ஞாயிறு, காலை

சாங்கி விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக இழுத்து வைத்துவிட்டார்கள். திருச்சியிலிருந்து என்னோடு வந்தவர்கள் எல்லாம் சாமானை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரு மேசை முன்னால் நின்றேன். திரையைப் பார்த்த அதிகாரிப் பெண்ணின் முகம் ஒருமாதிரி ஆகியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இரண்டு கைகள், விரலோடும் நகத்தோடும், உள்ளங்கையில் ஓட்டையோடும் கிடந்தால் யாருக்குத்தான் பகீரென்று இருக்காது? அவர் போய் ஒரு தமிழ் அதிகாரியைக் கூட்டிவந்தார். அந்த மனிதர் வேட்டித் துணியைப் பிரித்துப் பார்த்தார்.

"இது யாரோட கைம்மா?"

"இயேசுவோட கைங்க."

"அப்ப உடம்பு?"

"அது இங்கதான் இருக்கு, சிராங்கூன் ரோடு பக்கம். கை மாட்டத்தான் வந்துருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார், விரல் நுனியைத் தொட்டார், பூச்சி அரித்த மரமா என்று ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு நான் சுற்றியிருந்ததைவிட நன்றாக அவரே துணியைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். அந்நிய ஊரில் என் வேலைக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெயசீலி, ஊர் தூத்துக்குடி. கோயில்களுக்குச் சுரூபம், அதாவது மரச்சிலை, செய்வது எங்கள் தொழில். அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தும் பட்டறையில் வருஷம் முழுக்க வேலை ஓயாது. மாதா, அந்தோணியார், செபஸ்தியார் என்று வரிசையில் நிற்பார்கள். அதில் என் கைக்கென்றே வரும் வேலை, கை மடங்கும் இயேசு. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து ஆணியைப் பிடுங்கினால் விரிந்திருக்கும் கைகள் மெல்ல இறங்கி உடம்போடு ஒட்ட வேண்டும். அப்போதுதான் சுரூபத்தை ஆசந்தியில், அதாவது பாடையில், கிடத்திப் பவனி கொண்டுபோக முடியும். தோளில் குழி, கையில் முளை, இரண்டும் உரசிக்கொண்டு நிற்பதில்தான் சூட்சுமம் எல்லாம். எங்கள் கடற்கரையில் இது பெரிய அதிசயமில்லை. ஆனால் சிங்கப்பூரில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கு நாடகமாகப் போடும் ஒரு குழு இதைக் கேட்டு எழுதியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணன் தான் போவதாக இருந்தார். முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். வழியனுப்பும்போது அவர் சொன்ன ஆசீர்வாதம், "அங்க போயி மானத்த கப்பலேத்திராத."

மதியம்

சாங்கியிலிருந்து பூன் லேவுக்கு டாக்ஸியில் முப்பத்தெட்டு வெள்ளி. டாலரை இங்கே வெள்ளி என்கிறார்கள். தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிட்டதாக ஓட்டுநர் பெருமையாகச் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் தூரம்கூட இல்லை என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஊருக்கு ஊர் பெருமை இருக்கத்தானே செய்யும்.

பூன் லேயில் இருப்பவள் என் சித்தி மகள் ஸ்டெல்லா. பதினோராம் மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் ஜூரோங் பக்கம் ஆலைக் கூரைகளும் கிரேன்களும் தெரிகின்றன. குருத்தோலையைக் கதவில் செருகியிருந்தாள். சோறும் சாளை மீன் குழம்பும் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்த கைகளைத் தன் கட்டிலில் தலையணை வைத்துக் கிடத்தினாள். அன்று அவள் புருஷன் ஹாலில் படுத்தார்.

திங்கள்

பூன் லேயிலிருந்து ரயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மடியில் துணிச்சுற்றோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒரு சீனப் பெரியவர் எழுந்து பக்கத்து இருக்கையையும் காலி செய்தார். குழந்தை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கோயிலை ஒட்டி ஒரு கூடம். அங்கே காத்திருந்தவர் ரோஸ்மேரி ஆன்ட்டி. பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். எழுபது வயதிருக்கும், முதுகு கோடு போட்ட மாதிரி நேராக நிற்கிறது. பாஸ்கு நாடகத்தை நடத்துவதும் இவர்தான், மாதாவாக நடிப்பதும் இவர்தான். எங்கள் பக்கம் பாஸ்கா என்பதை இவர் பாஸ்கு என்கிறார்.

சுரூபம் ஏன் வேண்டும் என்று அவரே சொன்னார். இத்தனை வருஷமும் சிலுவையில் ஓர் ஆள்தான் தொங்குகிறார். செத்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள், ஆள் இருட்டில் இறங்கிப் போய்விடுவார். வளர்ந்த ஆம்பிளையை மடியில் போட்டுக்கொண்டால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும் என்று, மாதா சும்மா பக்கத்தில் நின்று அழுவதோடு சரி.

"இருபது வருஷத்துக்கு மேல அவருக்கு அம்மாவா நிக்கிறேன் ஜெயா. ஒரு தடவகூட என் பிள்ளைய நான் தூக்கல," என்றார்.

அவர்களிடம் இருந்த சுரூபம் நாலரை அடி, உள்ளே குடைந்த மரம், நல்ல முகம். ஆனால் கைகள் விரிந்தபடி நிலையாக இருந்தன. புதுக் கை மாட்ட வேண்டுமானால் பழைய கையை அறுக்க வேண்டும். நான் ரம்பத்தை எடுத்ததும் கூடம் அடங்கிப்போனது. ஆன்ட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தார். இரண்டு கையையும் தோளோடு அறுத்து, குழி தோண்டி, முளையை இறக்கி, நிறம் ஒத்துவரச் சாயம் பூசிமுடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கையைத் தூக்கிவிட்டால் நின்றது. தட்டிவிட்டால் தூக்கம் வந்த பிள்ளை கையை இறக்குவதுபோல மெல்ல இறங்கியது. ஆன்ட்டி பத்துத் தடவை தூக்கித் தூக்கி இறக்கிப் பார்த்தார். அன்று எனக்கு வந்த திமிரை அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்

வேலை முடிந்த மிதப்பில் ஊர் சுற்றக் கிளம்பினேன். நதிக்கரையில் ஓர் அருங்காட்சியகம். அங்கே கிறிஸ்தவச் சிற்பங்களுக்கென்று ஒரு பகுதி இருப்பதாக ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். உள்ளே போய் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றவள்தான், நகரவில்லை. யானைத் தந்தத்தில் ஒரு சிலுவை இயேசு. உடம்பு ஒரு தந்தம், கைகள் தனித் தந்தம். தோளில் மெல்லிய கோடு ஓடுகிறது. யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரியும் அது பொருத்து. இந்தியாவில் செய்தது என்று எழுதி, செய்தவர் பெயர் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தது. பெயர் தெரியாவிட்டால் என்ன, அவர் எனக்குப் பங்காளி. கண்ணாடியைத் தொடக்கூடாது என்று காவலர் வந்து சொல்லும்வரை அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறைச் சுவரில், ஒரு சாமியார் கொடுத்த பழைய ஐரோப்பியப் படங்களின் நகல்கள் ஒட்டியிருக்கின்றன. எல்லாம் இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் படங்கள். எந்தப் படத்தை எடுத்தாலும் ஏணி உண்டு, குறடு உண்டு, அக்குளுக்கடியில் கொடுத்துச் சிலுவையின் மேல்கட்டை வழியாகத் தொங்கும் நீள வெள்ளைத் துணி உண்டு. வேதத்தில் துணியைச் சொல்வது பிணத்தைச் சுற்றத்தான். இறக்குவதற்கு இவ்வளவு நீளத் துணி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் அங்கேயும் கோயிலுக்குள்ளேயே இந்த நாடகம் நடந்தது, கை மடங்கும் சுரூபங்கள் அங்கேயும் உண்டு என்று சாமியார் சொல்லியிருக்கிறார். மரச் சுரூபத்தைத் துணி கொடுத்துத் தாங்காமல் இறக்கவே முடியாது, அது எனக்குத் தெரியும். படம் வரைந்தவன் கோயிலில் கூட்டத்தோடு நின்று அதைப் பார்த்தவன்தான். பார்த்ததை வரைந்தான். பிற்பாடு நாடகம் போட்டவன் அந்தப் படத்தைப் பார்த்து நடித்திருப்பான். கண்ணும் கையும் மாறி மாறி வேலை செய்திருக்கின்றன. அந்த நீண்ட வரிசையின் இந்தக் கடைசியில் தூத்துக்குடி ஜெயசீலி நிற்கிறாள் என்றால், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வதில் தப்பே இல்லை.

திரும்பும் வழியில் சிராங்கூன் சாலைத் துணிக்கடை ஒன்றில் பத்து மீட்டர் வெள்ளை மல் துணி வாங்கினேன். மீட்டர் மூன்று வெள்ளி.

புதன், மாலை

ஒத்திகை. இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கும் அரிமத்தியா சூசையாக நடிப்பவர் ஆரோக்கியம். உவரிக்காரர், ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பளு தூக்கும் வேலை. கிரேனுக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுகிறவர். ஏணியில் ஏறும்முன் ஏணியின் காலை உதைத்துப் பார்த்தார், துணியை இழுத்துப் பார்த்தார், கீழே யாரும் நிற்கக் கூடாது என்று எல்லோரையும் விரட்டினார். துணி வேண்டாம், தன்னிடம் இரண்டு டன் தாங்கும் நைலான் பட்டை இருக்கிறது என்றார். ஆரஞ்சு நிறப் பட்டையில் இயேசுவை இறக்கினால் கப்பல் எஞ்சினை இறக்குவதுபோல இருக்கும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். கடைசியில் துணியை நான்காக மடித்து, முடிச்சை அவர் போட்டார்.

முதல் ஆணியைப் பிடுங்கினார். ரயில் கைகாட்டி விழுவதுபோல வலது கை சடாரென்று விழுந்து தொடையில் "டொக்" என்று இடித்தது. இடது கையும் அதேபோல. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு, அதனால்தான் இன்னும் மோசமாகக் கேட்டது.

தோளைத் தொட்டுப் பார்த்தேன். சுரூபம் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. விசாரித்தால், திங்கள்கிழமை நான் போனதும் ஆன்ட்டி ஏசியைப் போட்டு, அதற்கு நேர் கீழே சுரூபத்தை நிறுத்திக் கதவைப் பூட்டியிருக்கிறார். சாயம் சீக்கிரம் காயும் என்பது ஒரு காரணம். ஆண்டவரைப் புழுக்கத்தில் விடக்கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டு நாளும் இரவு பகலாக ஓடியிருக்கிறது. கடற்காற்றில் வளர்ந்த என் பூவரச முளை, அந்த வறண்ட குளிரில் சுருங்கி ஆட்டங்கண்டுவிட்டது. சிங்கப்பூரில் எல்லா இடத்திலும் ஏசி ஓடும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அளவு கேட்டேன், நிறம் கேட்டேன், எங்கே வைப்பீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

ஆன்ட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "பெரிய வெள்ளில ஒரு ஆள் சிரிச்சா போதும் ஜெயா, எல்லாம் போச்சு. கைய விரிச்சபடியே க்ளூ போட்டு ஒட்டிடுங்க. இறக்குற சீன் வேண்டாம். பழையபடி லைட்ட ஆஃப் பண்ணிக்கலாம்."

"அப்ப உங்க மடி?"

அவர் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய கைகளும் இல்லை, நான்தானே அறுத்தேன். நாளை சாயங்காலம் வரை பொறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டேன். வெள்ளி காலையில் பார்ப்பதாகவும், கை நிற்கவில்லை என்றால் பசைதான் என்றும் சொன்னார். "சாரி லா," என்று சேர்த்துக்கொண்டார்.

பெரிய வியாழன்

எனக்கு வேண்டியது ஆட்டுத்தோல். ஆட்டங்கண்ட குழிக்குள் ஈரத்தோலை வைத்து முளையை இறக்கினால், காயும்போது கவ்விக்கொள்ளும். பட்டறையில் தோல் மூலையில் கிடக்கும். இங்கே எங்கே போவது? காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போனேன். ஒரு வெள்ளி அறுபது காசுக்குத் தே தாரிக் என்ற ஆற்றிய டீ குடித்துத் தெம்பு வரவழைத்துக்கொண்டு, ஆட்டுக்கறிக் கடை வரிசையில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம், இங்கேயே பிறந்தவர்.

"ஆடு இங்க வரும்போதே சட்டையக் கழட்டிட்டுதான் வருதும்மா," என்றார். தோல் எதற்கு என்று கேட்டார். இயேசுவுக்குத் தோள் செய்ய என்றேன்.

"ஈசா நபிக்கா?" என்று கத்தியைக் கீழே வைத்தார். கொஞ்சம் யோசித்தார். சிலை என்பது அவருக்கு ஒத்துவராத சங்கதி என்று எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் மிருதங்கம், தபலா பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் பேசி, ஓர் அம்மா வருகிறார், இருக்கிற தோலைக் கொடு என்று சொல்லிவிட்டார்.

அந்த வாத்தியக் கடைக்காரர் திருநீறு பூசிய நெற்றியோடு உட்கார்ந்திருந்தார். வெட்டிப்போட்ட தோலில் இரண்டு துண்டு தேறியது. ஒன்று கனம், ஒன்று கொஞ்சம் மெல்லிசு. வேறு இல்லையா என்றதற்கு, இருப்பதெல்லாம் தபலாவுக்கு அளந்து வைத்தது என்றார். ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டார். பெரிய பெருமூச்சோடு, தபலாவில் தட்டு வாங்க வேண்டிய தோல் தப்பித்துக்கொண்டது என்றார். எனக்கு அன்று வந்த ஒரே சிரிப்பு அது.

கூடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, சுரூபத்தை வெளிக் காற்றில் நிறுத்தினேன். தோலை ஊறவைத்து, கனமான துண்டை இடது தோளிலும் மெல்லிய துண்டை வலது தோளிலும் இழுத்துவைத்து முளையை இறக்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த ஆரோக்கியம், பாதம் கழுவும் பூசைக்குப் போகாமல் என்னோடு உட்கார்ந்துவிட்டார்.

"எக்கா, கவலப்படாதிய. நான் துணிய எறக்குத வேகத்துல கை ஆடவே ஆடாது. கப்பல் பட்டறைக்காரவுக முப்பது டன்ன எங்கிட்ட குடுத்து நம்புதாவ, நாப்பது கிலோ என்ன," என்றார்.

பெரிய வெள்ளி

பொது விடுமுறை. ரயிலில் கறுப்பும் வெள்ளையுமாக உடுத்திய நம் சனங்கள் நிறைய. காலையில் ஆன்ட்டி வந்து இரண்டு கையையும் தூக்கிப் பார்த்தார். நின்றன. மெல்ல இறங்கின. வலது கை ஒரு மயிரிழை வேகமாக இறங்கியது, அது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆன்ட்டி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு நீலச் சேலையை உடுத்தப் போனார்.

கூடம் நிரம்பி, கதவுக்கு வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். தொழிலாளர் விடுதியான டார்மிட்டரியிலிருந்து வந்த நம்மூர்ப் பையன்கள், பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள், மொழி தெரியாத பிலிப்பினோப் பெண்கள் சிலர். சிலுவையில் இருந்தவர் தலையைச் சாய்த்ததும் திரை விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சுரூபத்தை மாற்றிவைத்தோம். திரை மறுபடி உயர்ந்தபோது, செத்த இயேசு வெளிச்சத்தில் தொங்கினார்.

ஆரோக்கியம் ஏணியில் நின்று முதல் ஆணியைப் பிடுங்கினார். கை நின்றது. அப்புறம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் மெல்ல இறங்கியது. அடுத்தது இடது. அதுவும் அப்படியே. துணி இறுகியது. கீழே துணியைப் பிடித்தவர்களுக்கு அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாக அசைத்தார். கிரேன்காரருக்குக் காட்டுகிற அதே சாடை, மெல்ல இறக்கு என்று அர்த்தம். என் பட்டறைப் படம் ஒன்றில் ஏணி மேல் நிற்கும் சூசை கையை எப்படி வைத்திருப்பாரோ, அச்சு அசல் அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் ஆசீர்வாதம் கொடுக்கிறார் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து மடியை விரித்தார். சுரூபத்தைக் கிடத்தினார்கள். ஒத்திகைப்படி இரண்டு கையும் நெஞ்சின் மேல் மடங்கியிருக்க வேண்டும். இடது கை இருந்தது. வலது கை நெஞ்சிலிருந்து நழுவியது. நழுவி, அவர் மடிக்கு வெளியே விழுந்து, விரல்கள் தரையைத் தொடாமல் தொங்கியது.

இப்போது சிரிக்கப் போகிறார்கள், முடிந்தது என்று நினைத்தேன். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆன்ட்டி அந்தக் கையைப் பார்த்தார். எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லவில்லை. குனிந்து அந்தக் கையை எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பி, ஆணி ஓட்டையைப் பார்த்தார். முந்தானையால் அதைத் துடைத்தார், விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் கையைத் துடைப்பதுபோல. பிறகு கன்னத்தில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு ஆம்பிளை வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அவரைத் தொடர்ந்து கூடமே அழுதது.

சுரூபத்தை ஆசந்தியில் கிடத்தி, எல்லோரும் வரிசையில் வந்து பாதத்தில் உதடு வைத்து முத்தி செய்து போனபின், ஆன்ட்டி என்னைத் தேடி வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அந்தக் கை விழணும்னே செஞ்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. அன்று பெரிய வெள்ளி, பொய் வரவில்லை. "இல்ல ஆன்ட்டி. தோல் மெல்லிசு, தானா நழுவிருச்சு. ஊருக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிருதேன்."

"தொடாதீங்க," என்றார் ஆன்ட்டி. "அடுத்த வருஷமும் விழட்டும்."

பாஸ்கா (ஈஸ்டர்) ஞாயிற்றுக்கு மறுநாள்

சாங்கியில் என் பெட்டியை யாரும் நிறுத்தவில்லை. உள்ளே ஸ்டெல்லா கொடுத்த மைலோ டப்பாக்களும், பழைய கைகளை அறுத்தபோது விழுந்த மரத்துண்டு ஒன்றும்தான் இருந்தன. கைகளோடு வந்தபோது நடுங்கிக்கொண்டு வந்தேன். இப்போது வெறுங்கையோடு ராணி மாதிரி போகிறேன். மானம் கப்பலேறவில்லை அண்ணே, விமானம்தான் ஏறியது.

எங்கள் ஊர்க் கோயில் சுரூபம் அண்ணன் கை வேலை. குறை சொல்ல முடியாத வேலை. ஆணியைப் பிடுங்கினால் இரண்டு கையும் ஒன்றுபோல இறங்கும், ஆசந்தியில் கிடத்தினால் இம்மியும் அசையாது. இத்தனை வருஷமும் அதுதான் அழகு என்று நினைத்திருந்தேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் தபசு காலத்துக்குள், அண்ணனுக்குத் தெரியாமல், அதன் வலது தோள் குழிக்குள் இருக்கும் ஆட்டுத்தோலைக் கொஞ்சம் சீவிவிட வேண்டும்.